கண் இல்லாத பெட்டிக்கு ரிமோட் எதற்கு?

வெண்ணந்தூர், ராசிபுரம் வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய ஆம்ப்ளிஃபயர் பற்றியே. ஊருக்கு ஒன்றிரண்டாக இருந்த ரெக்கார்டிங் சென்டர்கள் கேசட்டோடு சேர்ந்து மூடிக்கொண்டபோது பரணில் ஏறிய பெட்டிகள், இப்போது ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகின்றன போலிருக்கிறது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மாமாக்கள் சுமந்து வந்தவையும் கூட்டத்தில் உண்டு. இறக்குகிறார்கள், துடைக்கிறார்கள், பாட்டுப் போட்டுக் கேட்கிறார்கள். மறுநாள் எனக்குக் கடிதம்: ரிமோட் கிடைக்குமா?

சேலத்தில் 150 ரூபாய் கொடுத்து யூனிவர்சல் ரிமோட் வாங்கினேன். எல்லா கம்பெனிக்கும் ஓடும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. என் மராண்ட்ஸ் 2270 மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
— பழைய பாட்டுப் பைத்தியம், வெண்ணந்தூர்

கடைக்காரரை விட்டுவிடுங்கள். 2270 வந்தது 1971-ல். உட்கார்ந்த இடத்திலிருந்து சத்தம் கூட்டுகிற ஏற்பாடே அதில் கிடையாது. ரிமோட் செய்வது ஒரே வேலை: கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மின்னி மின்னி அனுப்பும். அதைப் பார்க்க எதிரே ஒரு கண் வேண்டும். பார்த்ததைப் புரிந்துகொள்ள ஒரு சிப் வேண்டும். புரிந்த பிறகு குமிழைத் திருப்ப ஒரு மோட்டார் வேண்டும். மூன்றும் இல்லாத பெட்டிக்கு முன்னால் 150 ரூபாய் ரிமோட்டும் ஒன்றுதான், 15,000 ரூபாய் ரிமோட்டும் ஒன்றுதான்.

இனி வாங்கப் போகிறவர்கள் முதலில் முகப்பைப் பாருங்கள். கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ விரல் நக அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கிறதா? இருந்தால் பேச்சைத் தொடரலாம். 1970-களின் ஆம்ப்ளிஃபயர்களில் அதைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். சிடி பிளேயர்கள் மட்டும் பிறக்கும்போதே சொகுசு. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி சிடிபி-101, கையோடு ரிமோட்டையும் கொண்டுவந்தது.

அதே 2270-க்கு முன்னால் ஒரு துளை போட்டு சென்சார் வைத்துத் தருகிறேன் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். போடலாமா?
— அவசரக்காரன், அத்தனூர்

துளை போடும் ஆசை அவருக்கு அவ்வளவு இருந்தால் திருச்செங்கோட்டுக்கு அனுப்பி வையுங்கள். போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஐம்பது வருஷம் கீறல் இல்லாமல் வந்த அலுமினிய முகப்பில் ஒரு துளை விழுந்தால், விற்கும்போது விலையும் அந்தத் துளை வழியாகவே இறங்கிவிடும்.

முகத்தை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள். ப்ரீ-அவுட், மெயின்-இன் என்று இரண்டு ஜோடி சாக்கெட் இருக்கிறதா? சாதாரணமாக இரண்டையும் ஒரு வளைந்த கம்பி இணைத்திருக்கும். அதை உருவிவிட்டு, நடுவில் ரிமோட்டில் ஓடும் தனி வால்யூம் கன்ட்ரோல் ஒன்றைச் சேர்க்கலாம். மோட்டார் வைத்த ஆல்ப்ஸ் பொட்டென்ஷியோமீட்டர், அதை ஓட்ட ஒரு போர்டு, ஒரு குட்டி ரிமோட் என்று மொத்தமும் கிட்டாகவே கிடைக்கிறது. தகரப் பெட்டி ஒன்றில் அடைத்து ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் வைத்துவிட்டால் வெளியே தெரியாது. சென்சார் கண் மட்டும் எட்டிப் பார்த்தால் போதும்.

ப்ரீ-அவுட் இல்லாத பெட்டியானால் டேப் மானிட்டர் வழி இருக்கிறது. டேப்-அவுட்டிலிருந்து எடுத்து, புது வால்யூம் வழியாகக் கொண்டுபோய் டேப்-இன்னில் கொடுங்கள். மானிட்டர் ஸ்விட்சைப் போட்டதும் ரேடியோ, கேசட், இசைத்தட்டு எதுவானாலும் அந்தச் சுற்றில் போய்த்தான் ஸ்பீக்கருக்கு வரும். இந்த மாதிரி வால்யூமுக்குக் குறைக்க மட்டும்தான் தெரியும், கூட்டத் தெரியாது. அதனால் ஆம்ப்ளிஃபயரின் சொந்தக் குமிழை ஸ்பீக்கர் தாங்குகிற அளவில் நிறுத்திவிடுங்கள். ரிமோட்டால் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. பேரன் பேத்தி உள்ள வீடுகள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

என் சிடி பிளேயரில் நீங்கள் சொன்ன ஜன்னல் இருக்கிறது. அது மராண்ட்ஸ், 80-களின் மாடல். ஜப்பான் சாமானாச்சே என்று வீட்டிலிருக்கும் சோனி ரிமோட், அக்காய் ரிமோட் எல்லாம் காட்டிவிட்டேன். ஒன்றுக்கும் மசியவில்லைங்க.
— சிடி சித்தப்பா, ராசிபுரம்

நீங்கள் காட்டுகிற ரிமோட் ஒரு மொழி பேசுகிறது, பிளேயருக்குத் தெரிந்தது வேறு மொழி. இந்த உலகில் பெரிய குடும்பங்கள் மூன்று.

பிலிப்ஸின் ஆர்சி-5: ஒளி வினாடிக்கு 36,000 முறை துடிக்கும், ஒரு கட்டளைக்கு 14 பிட். சோனியுடையது: 40,000 துடிப்பு, வழக்கமாக 12 பிட். ஒரே கட்டளையை மூன்று முறையாவது திருப்பிச் சொல்வது அதன் வழக்கம். மூன்றாவது என்இசி: 38,000 துடிப்பு. தொடங்கும்போது 9 மில்லி செகண்டுக்கு ஒரு நீள மின்னல், 4.5 மில்லி செகண்ட் மௌனம், அப்புறம் 32 பிட். அதில் முகவரி ஒரு முறை நேராகவும் ஒரு முறை தலைகீழாகவும் வரும்; கட்டளையும் அப்படியே. நடுவில் ஏதாவது சிதைந்தால் இரண்டும் பொருந்தாது, பெட்டி அதைத் தள்ளிவிடும். ஜப்பான், கொரியா, சீனா என்று மிகப் பலர் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

உங்கள் சிக்கல், பெயரைப் பார்த்து வம்சத்தைப் பார்க்காமல் விட்டது. 1980-ல் மராண்ட்ஸ், வட அமெரிக்கா நீங்கலாக, பிலிப்ஸின் கைக்குப் போனது. ஆகவே அந்தக் காலத்து மராண்ட்ஸ் சிடி பிளேயர் பேசுவது ஆர்சி-5. இங்கிலாந்தின் ஆர்கேம், கேம்பிரிட்ஜ் ஆடியோ, நெய்ம் ஆகியோரும் அதே வழிதான். ஆர்சி-5-ல் ஒரு நல்ல குணம் உண்டு: கம்பெனிக்கு என்று எண் கிடையாது, சாமானுக்குத்தான் எண். டிவிக்கு 0, ஆம்ப்ளிஃபயருக்கு 16, ட்யூனருக்கு 17, டேப்புக்கு 18, சிடி பிளேயருக்கு 20. ஆகவே பிலிப்ஸ் சிடி பிளேயரின் ரிமோட் எங்காவது கிடைத்தால் உங்கள் மராண்ட்ஸ் ஓடவும் நிற்கவும் அடுத்த பாட்டுக்குத் தாவவும் செய்யும். சோனியை எடுத்து வைத்துவிட்டு பிலிப்ஸ் வைத்திருக்கும் சொந்தக்காரரைத் தேடுங்கள்.

ரிமோட் உண்மையில் ஒளி விடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— சந்தேகப் பிராணி, மின்னக்கல்

செல்போன் கேமராவை ரிமோட்டின் மூக்குக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அமுக்குங்கள். திரையில் வெளிர் ஊதாவாக மின்னினால் உயிர் இருக்கிறது. பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள். பல போன்களில் பின் கேமராவுக்கு அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி கனமாக இருக்கும். மின்னுகிறது என்பதால் சரியாகப் பேசுகிறது என்று அர்த்தம் இல்லை. பேட்டரி மாற்றினோமா இல்லையா என்ற சண்டை மட்டும் இதோடு தீரும்.

லேர்னிங் ரிமோட் ஒன்றில் பழைய பிலிப்ஸ் ரிமோட்டைப் பதிவு செய்தேன். எல்லாம் வேலை செய்கிறது. 12-ஆம் பாட்டு வருகிறது. 11-ஆம் பாட்டு மட்டும் வருவதில்லை. 1, 1 என்று அமுக்கினால் முதல் பாட்டே ஓடுகிறது. பேய் பிசாசா?
— பதினொன்று, ஆட்டையாம்பட்டி

22-உம் வராதே? வராது. பேய் இல்லை, ஒரே ஒரு பிட்.

ஆர்சி-5-ன் 14 பிட்டில் ஒன்றுக்கு டாகிள் என்று பெயர். விரலை எடுத்து மறுபடி அமுக்கும் ஒவ்வொரு முறையும் அது 0-விலிருந்து 1-க்கும் 1-லிருந்து 0-வுக்கும் மாறும். விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருந்தால் மாறாது. பிளேயர் அதைப் பார்த்துத்தான், இது புதிய அமுக்கா, பழைய அமுக்கின் தொடர்ச்சியா என்று தீர்மானிக்கிறது. அசல் ரிமோட் இதை ஒழுங்காகச் செய்யும். உங்கள் லேர்னிங் ரிமோட் அந்த நொடியில் கேட்டதை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. எத்தனை முறை அமுக்கினாலும் அதே டாகிளோடு ஒப்பிக்கும். முதல் 1-ஐக் கேட்ட பிளேயர், இரண்டாவது 1-ஐக் கேட்டதும், மனுஷன் இன்னும் விரலை எடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. 12-ல் சிக்கல் இல்லாததற்குக் காரணம், 2 வேறு கட்டளை.

வழி இரண்டு. அசல் ரிமோட்டில் 1-ஐ ஒரு முறை அமுக்கி ஒரு பொத்தானுக்குக் கற்பியுங்கள். மறுபடி அதே 1-ஐ அமுக்கி, வேலையில்லாமல் இருக்கும் இன்னொரு பொத்தானுக்குக் கற்பியுங்கள். நடுவில் அசல் ரிமோட்டில் வேறு எதையும் தொடாதீர்கள். இரண்டிலும் டாகிள் எதிரெதிராகப் பதிந்திருக்கும். மாற்றி மாற்றி அமுக்கினால் 11 வரும். இந்தக் கஷ்டம் வேண்டாம் என்றால், கேட்டுப் பதியாமல் ஆர்சி-5 கோடுகளைத் தானாகவே உண்டாக்கும் ரிமோட்டை வாங்குங்கள். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: 10-ஐப் போட்டுவிட்டு நெக்ஸ்ட் அமுக்குவது. நான் அதைத்தான் செய்வேன்.

புது ரிமோட் எதுவும் வாங்காமல் ஆம்ப்ளிஃபயருக்கு வால்யூம் மட்டும் கிடைத்தால் போதும். வழி உண்டா?
— சிக்கனச் செம்மல், மல்லூர்

உங்கள் கேபிள் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டை எடுங்கள். பலவற்றில் ஒரு மூலையில் டிவிக்கென்று தனியாக நாலைந்து பொத்தான்கள் இருக்கும்: பவர், ஏவி, வால்யூம் கூட்ட, குறைக்க. அவை கற்றுக்கொள்ளும் பொத்தான்கள். டிவிக்குத்தான் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

செட் பொத்தானை, விளக்கு நிலையாக எரியும்வரை அழுத்திப் பிடியுங்கள். கற்பிக்க வேண்டிய பொத்தானை ஒரு முறை தொடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் அசல் ரிமோட்டை மூக்கோடு மூக்கு, இரண்டு மூன்று விரல்கடை தூரத்தில் வைத்து வால்யூம் பொத்தானை அமுக்குங்கள். விளக்கு சிமிட்டினால் ஏற்றுக்கொண்டது. கடைசியில் மறுபடி செட். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், வரிசை இதுதான். ட்யூப்லைட்டையும் ஃபேனையும் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ட்யூப்லைட் நிஜமாகவே குறுக்கே பேசும். ஃபேனை நிறுத்தச் சொன்னது கவனம் சிதறாமல் இருக்க.

எங்களது தறிப்பட்டறை. பாட்டு இல்லாமல் தறி ஓடாது. ரிமோட் வைத்த ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறோம். காலையில் நன்றாக எடுக்கிறது. இருட்டி லைட் போட்டதும் பக்கத்தில் போய்க் காட்டினால்தான் எடுக்கிறது. தறிச் சத்தம் காரணமா?
— நாடா, வெண்ணந்தூர்

சத்தத்துக்கும் ஒளிக்கும் வழக்கு இல்லை. தறி எவ்வளவு அதிர்ந்தாலும் அகச்சிவப்புக்குக் காது கிடையாது. நீங்களே விடையை எழுதியிருக்கிறீர்கள்: லைட் போட்டதும்.

எலெக்ட்ரானிக் சோக் வைத்த ட்யூப்லைட்டும் சிஎஃப்எல்லும் வினாடிக்குப் பல்லாயிரம் முறை மின்னுகின்றன. அந்த வேகம் ரிமோட்டின் 36,000, 38,000, 40,000-க்குப் பக்கத்து வீடு. சென்சார் குழம்புகிறது, தன்னைக் காத்துக்கொள்ள உணர்வைக் குறைத்துக்கொள்கிறது. தூரத்து ரிமோட் அதன் கணக்கில் வராமல் போகிறது. பெட்டிக்கு நேர் எதிரே தொங்கும் ட்யூப்லைட்டை இடம் மாற்றுங்கள். அல்லது சென்சாருக்கு மேல் கறுப்பு அட்டையில் சின்னத் தாழ்வாரம் ஒன்று ஒட்டுங்கள், மேலேயிருந்து வரும் வெளிச்சம் தடுபடும்.

அதற்கு முன்னால் ஒரு ஈரத்துணி எடுத்து அந்த ஜன்னலைத் துடைத்துப் பாருங்கள். தறிப்பட்டறைப் பஞ்சு எங்கே படியாது? பாவு, விளக்கு, புருவம் என்று படிவது அங்கே மட்டும் சும்மா இருக்குமா? சென்னையில் உட்கார்ந்து எழுதுகிற ரிமோட் நிபுணர்களுக்குத் தெரியாத காரணம் இது. ஆம்ப்ளிஃபயரின் காற்றோட்டத் துளைகளிலும் அதே பஞ்சு போய் உட்கார்ந்திருக்கும். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து, மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். பஞ்சுப் போர்வையோடு ஓடும் ஆம்ப்ளிஃபயருக்கு ரிமோட் எடுக்கவில்லை என்பது சின்ன வியாதி.

ரிமோட்டைக் கண்டுபிடித்த சோம்பேறி யார்?
— பொது அறிவு, வையப்பமலை

டிவி ரிமோட் என்றால் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி. 1950-ல் கம்பியோடு ஒன்று விட்டார்கள். பெயரே லேசி போன்ஸ், ஆகவே நீங்கள் சொன்ன பட்டம் பொருந்தும். 1955-ல் யூஜின் பாலி என்ற இன்ஜினியர் டார்ச் மாதிரி ஒளியடிக்கும் ஃப்ளாஷ்-மேட்டிக் செய்தார். ஜன்னல் வெயில் பட்டாலே டிவி சேனல் மாற்றிக்கொண்டது. அடுத்த வருஷம் ராபர்ட் அட்லரின் ஸ்பேஸ் கமாண்ட் வந்தது: பேட்டரி கிடையாது, பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும். நம் காதுக்கு எட்டாத அந்த நாதத்தை டிவி கேட்டுக்கொள்ளும். சில்லறை குலுங்கினாலும் சேனல் மாறிய கதைகள் உண்டு. அகச்சிவப்பு பரவியது அதற்கெல்லாம் பிறகு.

யூனிவர்சல் ரிமோட்?
— அதே பொது அறிவு

பலர் பங்கு போட்டது. பிரபலமானவர் வேண்டுமென்றால் ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக். ஆப்பிளிலிருந்து விலகி சிஎல் 9 என்று ஒரு கம்பெனி வைத்து, 1987-ல் கோர் என்ற கற்றுக்கொள்ளும் ரிமோட்டை விட்டார். கம்ப்யூட்டர் செய்த கைக்கே, வீட்டில் கிடந்த ரிமோட்டுகள் தலைவலியாக இருந்திருக்கின்றன.

ஏற்காடு எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது பேங் அண்ட் ஓலுஃப்சென் மியூசிக் சிஸ்டம் வாங்கினேன். அழகு என்றால் அழகு. ரிமோட் பழுதடையும் நிலை. லேர்னிங் ரிமோட் மூன்று வாங்கிப் பார்த்துவிட்டேன், மூன்றும் எதையும் கேட்கவில்லை என்கின்றன. ஆனால் அசல் ரிமோட் வேலை செய்கிறது!
— டென்மார்க் மாப்பிள்ளை, சங்ககிரி

இந்தக் குவியலில் எனக்குப் பிடித்த கடிதம் உங்களுடையது. காரணம் ஒரு எண்: 455.

சாதாரண ரிமோட்டைத் திறந்தால் உள்ளே மஞ்சளாகவோ நீலமாகவோ, இரண்டு காலோடு ஒரு சின்னச் சில்லு தெரியும். அதுதான் செராமிக் ரெசனேட்டர். ரிமோட்டுக்குத் தாளம் போடுவது அது. பெரும்பாலும் அதன் தாளம் 455 கிலோ ஹெர்ட்ஸ். ரேடியோக்களுக்காக மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்த எண் அது. ரிமோட் சிப் அதை 12-ஆல் வகுக்கிறது, கிடைப்பது 37.9. உலகமே 38 கிலோ ஹெர்ட்ஸ் என்று சொல்லிக்கொண்டிருப்பது இந்த வகுத்தலின் விடையைத்தான். டென்மார்க்காரர்கள் வகுக்கவில்லை. 455 கிலோ ஹெர்ட்ஸிலேயே ஒளியைத் துடிக்கவிட்டார்கள்.

சந்தையில் கிடைக்கும் லேர்னிங் ரிமோட்டுகளின் கேட்கும் எல்லை பெரும்பாலும் 60 கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. உங்கள் ரிமோட் அதற்கு ஏழெட்டு மடங்கு மேலே பாடுகிறது. கேட்கவில்லை என்று அவை சொன்னது சத்தியம். 455 தெரியும் என்று தெளிவாக எழுதியிருக்கும் ரிமோட்டை மட்டும் வாங்குங்கள். அல்லது அதே கம்பெனியின் பழைய பியோ4 ரிமோட் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதுவரை அசலைக் கீழே போடாதீர்கள். ரிமோட் விழுந்தால் முதலில் விரிசல் விடுவது பெரும்பாலும் அந்த ரெசனேட்டர்தான். விரிந்தாலும் பயமில்லை, புதிதாக ஒன்றைச் சால்டர் செய்யக் கொஞ்சம் நேரமும் கொஞ்சம் சில்லறையும் போதும்.

அசல் ரிமோட்டே இல்லை. எதைக் காட்டிக் கற்பிப்பது?
— அநாதைப் பெட்டி, அளவாய்ப்பட்டி

கற்பிக்க ஆசிரியர் இல்லை, ஆகவே பாடத்தை நாமே எழுத வேண்டும்.

முதலில் கோடு சேகரங்கள். உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் ரிமோட்டுகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். 1998-ல் பிலிப்ஸ் விட்ட ப்ரான்டோ என்ற தொடுதிரை ரிமோட்டின் எழுத்துமுறையில்தான் அவற்றில் பல இருக்கும். நான்கு நான்காக எண்கள் ஓடும். முதல் நான்கு 0000, அடுத்தது 006டி என்றிருந்தால் 38 கிலோ ஹெர்ட்ஸ். 0073 என்றிருந்தால் 36. உங்கள் பெட்டியின் வம்சம் பார்த்துப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் கிடைக்காவிட்டால், ராசிபுரம் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளை ஒன்று வீட்டுக்கு ஒன்று இருக்குமே, கூப்பிடுங்கள். ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு அகச்சிவப்பு எல்இடி, கென் ஷெரிஃப் எழுதிய ஐஆர்ரிமோட் என்ற மென்பொருள் நூலகம். ஆர்சி-5-ல் கட்டளைக்கு ஆறு பிட்தான், அதாவது 64 கட்டளை. சாமான் எண் 20 என்று தெரிந்த சிடி பிளேயருக்கு, 0-விலிருந்து 63 வரை ஒவ்வொன்றாக அனுப்பி எதற்கு என்ன நடக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டே வரலாம். ஒரு காபி நேர வேலை. 53-ல் ஓடும், 54-ல் நிற்கும், அவை உறுதி. என்இசி பெட்டியானால் முகவரி 256, ஒவ்வொன்றுக்கும் கட்டளை 256. அந்தக் காபி ஆறிவிடும். அங்கே குத்துமதிப்பாகத் தேடுவதைவிட அதே கம்பெனியின் வேறு ரிமோட்டைக் கடன் வாங்கி முகவரியை முதலில் கண்டுபிடிப்பது புத்திசாலித்தனம்.

என் ரெட்மி போனிலேயே ரிமோட் ஆப் இருக்கிறதே, இத்தனை பாடு எதற்கு?
— நவீனன், நாமக்கல்

அந்தப் போனின் ஒளி நன்றாகவே இருக்கும். ஆப்பின் பட்டியலில் டிவி, ஏசி, செட்டாப் பாக்ஸ் வரிசையாக வரும். 1986 கேசட் டெக்கை அதில் தேடினால் ஏசி ரிமோட்தான் கிடைக்கும். ப்ரான்டோ கோடுகளை ஒட்ட அனுமதிக்கும் ஆப் ஏதாவது பிடித்துக்கொண்டால் போன் உதவும். பாட்டின் நடுவில் சத்தம் குறைக்கப் போகும்போது மாமனார் போன் வந்தால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் கோடு இல்லை.

ஒரே பொத்தானில் ஆம்ப்ளிஃபயர், சிடி பிளேயர், டேப் டெக் மூன்றும் ஆன் ஆகிற மாதிரி மேக்ரோ போட்டேன். பல சமயம் ஒன்று ஆன் ஆனால் மற்றொன்று ஆஃப் ஆகிறது. கூட்டுக் குடும்பம் மாதிரி இருக்கிறது.
— ஒற்றுமை விரும்பி, இளம்பிள்ளை

ஆன் செய் என்ற கட்டளையே அந்தப் பெட்டிகளுக்குத் தெரியாது. பவர் பொத்தானுக்கு அவை புரிந்துகொள்ளும் அர்த்தம், இருக்கிற நிலையை மாற்று என்பது மட்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது தூங்கப் போகும்.

சில பெட்டிகளில் ஆனுக்குத் தனி, ஆஃபுக்குத் தனி என்று கட்டளைகள் ஒளிந்திருக்கும். அசல் ரிமோட்டில் அந்தப் பொத்தான் இருக்காது, கோடு சேகரத்தில் இருக்கும். அதையும் தேடிக் கிடைக்கவில்லையென்றால் ஒரு குறுக்குவழி: சில டெக்குகள் ப்ளே அமுக்கினாலே விழித்துக்கொள்ளும். ஏற்கெனவே விழித்திருந்தால் ப்ளேயால் தூங்காது. மேக்ரோவில் பவருக்குப் பதில் அதை வையுங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் நடுவே இரண்டு நொடி இடைவெளி விடுங்கள். பழைய பெட்டிகள் எழுந்து கண்ணைக் கசக்க நேரம் வேண்டும்.

வரிசையும் முக்கியம். ப்ரீ ஆம்ப்ளிஃபயர் முதலில், பவர் ஆம்ப்ளிஃபயர் கடைசியில். அணைக்கும்போது தலைகீழ். மாற்றினால் ஸ்பீக்கரில் டம் என்று ஒரு அடி விழும். அந்த அடி ஊஃபருக்குத்தான் வலிக்கும்.

ஸ்மார்ட் பிளக் மாட்டி, ஆபீஸில் இருந்தே வால்வு ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து வைத்தால், வீட்டுக்கு வருவதற்குள் சூடாகி இருக்குமே?
— முன்யோசனை, ஓமலூர்

சூடாகி இருக்கும். எவ்வளவு சூடு என்பதுதான் கேள்வி. நாற்பது, ஐம்பது வருஷக் கண்டென்சர்கள் உள்ள பெட்டியை ஆள் இல்லாத வீட்டில் ஆன் செய்யாதீர்கள். ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருந்தால் வால்வு ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடவும் கூடும். ஸ்மார்ட் பிளக்கை ஆஃப் செய்ய மட்டும் பயன்படுத்துங்கள். ஜப்பானில் வாங்கிய பெட்டி 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டி 120. நம் வீட்டில் 230. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தவர்கள் பிளக்கை அதற்கு முன்னால், 230 பக்கம் மாட்டுங்கள்.

ரெவாக்ஸ் ஏ77 ஸ்பூல் டேப். பின்னால் ரிமோட் என்று ஒரு சாக்கெட் இருந்தது. ஏதோ உபயோகமில்லாத பிளக் ஒன்று அதில் செருகியிருந்தது, பிடுங்கி எறிந்துவிட்டேன். அன்றிலிருந்து டேப் ஓடவில்லை. ரிமோட் வாங்கினால் ஓடுமா?
— சுத்தக்காரன், சேலம்

குப்பைக்கூடையைக் காலி செய்துவிட்டீர்களா? 1967-ல் வந்த அந்த இயந்திரத்தின் ரிமோட் கம்பி ரிமோட். ரிமோட் இல்லாதபோது சுற்று முழுமையடைய அந்தப் போலிப் பிளக் அங்கே இருந்தே ஆக வேண்டும். அது போனால் இயந்திரம், ஸ்டாப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்துவிடும். தேடிக் கிடைக்காவிட்டால் சர்க்யூட் படம் பார்த்து ஒருவர் செய்து தரலாம்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. கம்பி ரிமோட் என்பது வெறும் ஸ்விட்சுகள்தான். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு ரிலே, ரிலேக்களை இயக்க அகச்சிவப்பு ரிசீவர் போர்டு ஒன்று என்று வெளியே பெட்டி கட்டி அந்தச் சாக்கெட்டில் செருகினால், ஏ77 உங்கள் யூனிவர்சல் ரிமோட்டுக்குப் பதில் சொல்லும். இயந்திரத்தில் ஒரு திருகுகூடக் கழற்ற வேண்டாம். இந்த வகை வேலைக்கு நான் எப்போதும் ஓட்டுப் போடுவேன்.

லாஜிடெக் ஹார்மனி நல்ல ரிமோட் என்கிறார்களே?
— அரைகுறை, ராசிபுரம்

நல்லதுதான். 2021 ஏப்ரலில், இனி தயாரிப்பதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். பழையது வாங்கினால் அதை அமைப்பதற்குக் கம்பெனியின் கம்ப்யூட்டர் தேவை. அது எத்தனை காலம் விழித்திருக்கும் என்பது அவர்கள் இஷ்டம். பழைய பெட்டிக்காரர்களுக்கு எனக்குப் பிடித்தது, பேட்டரி அறைக்குள் ஆறு முள் வைத்த ஒன் ஃபார் ஆல் ரிமோட். ஜேபி1 என்று அந்த முள்ளுக்குப் பெயர். கம்ப்யூட்டரில் கேபிள் போட்டு நாமே கோடு எழுதிக்கொள்ளலாம், யார் அனுமதியும் வேண்டாம்.

ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் கவர் போட்டால் ஒளி குறையுமா?
— பத்திரம், ஆட்டையாம்பட்டி

குறைவது தெரியாது. உங்கள் ஊர்க்காரர்கள் கவரைக் கழற்றவே வேண்டாம். கைமுறுக்கு தின்ற விரலோடு அமுக்கினால் எண்ணெய் உள்ளே இறங்கி ரப்பர் பொத்தானின் கரி மேல் படியும். பிறகு குத்தினால்தான் வேலை செய்யும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் சரியாகிவிடும். அழுத்தித் தேய்த்தால் கரியே போய்விடும்.

இசைத்தட்டைத் திருப்பிப் போட ரிமோட் உண்டா?
— எழுந்திரிக்க முடியாதவன், வெண்ணந்தூர்

கல்யாணம் ஆன புதிதில் எல்லார் வீட்டிலும் உண்டு.

மூன்று ரிமோட்டையும் ஒரே ரிமோட்டில் ஏற்றிவிட்டேன். எல்லாம் பிரமாதம். இப்போது அந்த ஒரு ரிமோட்டைக் காணோம்.
— தேடுபவன், திருச்செங்கோடு

சோபாவின் இடது கை இடுக்கு, பூஜை அலமாரி, பிரிட்ஜுக்கு மேலே. இந்த வரிசையில் பாருங்கள். இல்லையென்றால் அசல் மூன்றும் எந்த டப்பாவில் என்று வீட்டில் கேளுங்கள். பேட்டரியை எடுத்துவிட்டுத்தானே வைத்தீர்கள்? எடுக்காவிட்டால் அது ஒழுகி, ஸ்பிரிங் பச்சை பூத்திருக்கும். வினிகர் தொட்டுத் துடைத்து, காயவைத்து, புதுப் பேட்டரி போடுங்கள். பிறகு லேர்னிங் ரிமோட் வாங்கப் போகும்போது இரண்டாக வாங்குங்கள்.